இருபத்தொரு சீர்த்தட்டும் ஒரு சுமங்கலியும்

இன்னைக்கு கயத்தாறுல இருந்து ஒரு அக்கா, மக கல்யாணத்துக்கு என்கிட்ட ஆர்டர் குடுத்த சீர்த்தட்டுகளை வாங்க வீட்டுக்கு வந்தாவ.

இருபத்தொரு தட்டு. நாலு நாளா உட்கார்ந்து தேங்காய்க்கு முத்து ஒட்டி, பட்டுத்துணியில மயில் செஞ்சு நானே அலங்காரம் பண்ணுனது.

"போட்டோவை விட நேர்ல அம்சமா இருக்கு தாயி"ன்னு நிமிர்ந்தவிய, என் வெறும் நெத்தியைப் பார்த்தாவ. பிறகு சுவர்ல மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தாவ. நீட்டுன கையை மடக்கிட்டாவ.

"தப்பா நினைக்காத. நல்ல காரியம் பாரு. பக்கத்துல சுமங்கலி யாராச்சும் இருந்தா எடுத்துத் தரச் சொல்லேன்."

அடுத்த வீட்டு செல்வியைக் கூப்பிட்டேன். நேத்து புருஷன் அடிச்ச அடியில அவளுக்கு இடது கண்ணைத் திறக்கவே முடியல. ஆனா கழுத்துல தாலி கிடந்துச்சு.

அந்த அக்கா செல்வி கையால ஒவ்வொரு தட்டையும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. கிளம்பும்போது அவகிட்ட சொன்னாவ: "எம் மவளும் உன்னை மாதிரியே வாழணும்னு வாழ்த்து தாயி."

செல்வி முந்தானையால இடது கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

நான்தான் மனசார, "அப்படியே நடக்கட்டும்"னு சொன்னேன்.

சொல்லுங்க மக்களே, ஆர்டர் குடுத்தவியளை வாழ்த்துனது தப்பா?