உள்காற்று

இது நடந்தது. எனக்கு, என் காரில், பட்டப்பகலில். கேட்டுவிட்டு என் கொழுந்தனார் சிரித்தார். பூஞ்சை வாடைக்குப் பயப்படும் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறாராம். ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டினேன். உடனே அவருக்கு ஏதோ வேலை வந்துவிட்டது.

என் கணவர் இறந்து அப்போது ஐந்து மாதம். அவர் கார் ஏசியை எப்போதும், வெளிக்காற்று நுழையாமல், உள்காற்றிலேயே சுற்றவிடுவார். பொத்தானில் மஞ்சள் விளக்கு எரிந்தால் உள்காற்று, அணைந்தால் வெளிக்காற்று. நான் அணைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "வெளிய என்ன சந்தனமா மணக்குது?" என்பார். உள்ளே ஈரம் தங்கி, ஊறப்போட்டு மறந்த துணிபோல வண்டி நாறும். எங்கள் ஏழு வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்த நாற்றத்தில் மூச்சு இழுக்கும். நான் செல்லம் கொடுத்துக் கெடுப்பதால் வரும் இழுப்பு என்பது அந்த மேதையின் முடிவு.

கடைசி இரண்டு வருடம் தட்டிவிடுவதை நிறுத்தியிருந்தார். நான் அணைப்பேன். அவர் சாலையைப் பார்த்தபடி லேசாகச் சிரிப்பார். திருந்திவிட்டார் என்று நம்பிய மடச்சி நான்.

அவர் போனபின் ஃபில்டரை மாற்றினேன். மிதியடிகளைக் காயவைத்தேன். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி, காற்றாடியை மட்டும் ஓடவிட்டேன். வாடை போகவில்லை.

அன்று செவ்வாய். மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறேன். காலை 8.12. சிக்னலில் நெரிசல். விளக்கு அணைந்துதான் இருந்தது.

டக்.

டேஷ்போர்டுக்குள் சின்னக் கதவு ஒன்று சாத்திக்கொண்ட சத்தம். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஈரத்துணி வாடை குப்பென்று அடித்தது.

அணைத்தேன்.

8.14. டக்… மறுபடி எரிந்தது.

பின்சீட்டில் மகளுக்கு இழுப்பு தொடங்கியது. விசில்போல.

"செத்தும் புத்தி வரலையா உங்களுக்கு?" என்றேன், வாய்விட்டே. ஓங்கி அமுக்கினேன்.

டக்.

"அமுக்காதம்மா…" மகள் திணறினாள். "அப்பா சிரிக்கிறாரு."

8.15. என்ஜினை நிறுத்தினேன். சாவி என் கையில்.

விளக்கு எரிந்தது.

டக்…

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். காரை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டேன். எத்தனை ஹார்ன் அடித்தார்களோ. லாரிப் புகைக்கு நடுவில்தான் என் மகளுக்கு மூச்சு திரும்பியது.

மறுநாள் அவருடைய வழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தேன். டேஷ்போர்டைக் கழற்றியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி சார் சொல்லித்தான்க்கா செஞ்சேன். வெளிக்காத்து வர்ற கதவோட மோட்டாரையே எடுத்துட்டேன். கதவ மூடி, கம்பி போட்டுக் கட்டிட்டேன். லைட்டு மட்டும் எரியும், அணையும். 'அவ பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கட்டும்'னாரு."

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது. இரண்டு வருடம் என் குழந்தை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

டார்ச் அடித்துக் காட்டினார். மோட்டார் இருந்த இடம் காலி. கட்டியிருந்த கம்பி அவிழ்ந்து கீழே கிடந்தது. கதவு தொளதொளவென்று ஆடியது. மெக்கானிக் விரலை விட்டுத் தள்ளினார்.

டக்.

அதே சத்தம்.

"மோட்டார் இல்லாம இது அசையாதுக்கா. யாராவது கையால தள்ளினாத்தான் உண்டு."

உயிரோடு இருந்தபோது அந்தக் கதவை மூட அவருக்கு ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது.