பகலில் அணையும் பெட்டி

புருவத்தில் மாவோடு உள்ளே நுழைவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய் இன்டர்நெட் பெட்டியின் சுவிட்சை அணைப்பாள். அப்புறம்தான் தண்ணீர், குளியல் எல்லாம். ரொட்டிக்கடையில் விடியுமுன் மாவு பிசையப் போகிற என் மருமகளுக்குப் பகல்தான் ராத்திரி. வெந்த ரொட்டியைத் தட்டிப் பார்த்துப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது. பூசணி, கதவு, தூங்குகிற மகளின் முதுகு, எதையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

"வைஃபை அலை மண்டைக்குள்ள வண்டு மாதிரி குடையுது அத்தை" என்பாள். அந்த அலையால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை, தூக்கம் கெட வேறு காரணம் இருக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஒருநாள் எங்க வீட்டுல வந்து படுத்துப் பாருங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

நான் சொல்வது வேறு. பெட்டி அணைந்தால் பேத்தியின் பொம்மைப் படம் நிற்கும். அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழியப் பேசுகிற என் மகனின் வாய் மூடும். வீடு அடங்கும், இவள் தூங்குவாள். இதில் அலை எங்கே வந்தது? சொன்னால், "உங்களுக்குச் சத்தம் கேக்குது, எனக்கு அலை தெரியுது. விடுங்க அத்தை" என்பாள். நான் விடுகிறவளா?

போன மாதம் மகனுக்கு ஆபீசிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்தது. இன்னொரு மதியம் லைனில் இல்லையென்றால் வேலை போய்விடும். "தூங்காம அடுப்புகிட்ட நிக்கிறேன், ஒருநாள் உள்ளயே விழப்போறேன், பரவாயில்லையா?" என்றாள் இவள். இரண்டும் நியாயம்தான். "சரி தாயே, நீ வர்றதுக்குள்ள நானே அணைச்சிடறேன்" என்று கும்பிட்டான் மகன்.

அணைக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்குகள்மேல் கறுப்பு டேப் ஒட்டினான். நாற்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப்போட்டு, கதவைச் சாத்தி, குரலை அடக்கி வேலை பார்க்கிறான். பேத்தியை நான் வெளியே கூட்டிப்போய்விடுகிறேன். இவள் அடித்துப்போட்டாற்போலத் தூங்குகிறாள். "பாத்தீங்களா அத்தை, அலை இல்லன்னா எப்படி இருக்குன்னு!" வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நேற்று தூசி துடைக்கிறேன் என்று பெட்டிமேல் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. பெட்டி சுட்டிருக்க வேண்டும். வெளியே கூட்டிப்போகப் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்த எனக்குச் சீப்பு நகரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "மன்னிச்சுக்குங்க சார், இப்பவே பாக்கறேன்" என்று மகனின் குரல் மெல்ல வந்தது.

டேப்பின் ஒரு முனை கிளம்பி, பச்சை லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தித் தேய்த்து ஒட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.