ரோபோவின் காலடியில்

ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் ஒரு சதி செய்தேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. அதை ராஜபாளையத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எங்கள் டிவியில் மாட்டவைத்தேன். என் வீட்டுக்காரர் அதில் மூழ்கித் தேரை மறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அவர் இங்கே மில்லில் ஃபிட்டர். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடும் ஆட்களில் ஒருவர். தேரைத் திருப்பவும் நிறுத்தவும், உருளும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி அதே மூச்சில் கையை எடுத்துவிட வேண்டும். போன ஆடியில் அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சக்கரம் இழுத்துக்கொண்டது. துண்டோடு போனது. அன்றிலிருந்து யாராவது தேர்ப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

தம்பி போட்டுக் கொடுத்தது ஜப்பான் அனிமே தொடர் ஒன்றை வைத்துச் செய்த விளையாட்டு. மூன்று பனைமர உயரத்தில் ரோபோக்கள். ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுவான். வாளால் வெட்டிக்கொள்ளும், கட்டடங்கள் சரியும். எனக்கு அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகத்தான் தெரிந்தது. இவரோ முதல் நாளே வாயைப் பிளந்தார். “அடேயப்பா, எம்புட்டுப் பெருசு!”

சண்டை போட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த விளையாட்டில் ஓட்டுகிறவன் ரோபோவை விட்டு இறங்கித் தரையில் நடக்கலாம். இவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இறங்கிவிடுவார். எதிரி ரோபோவின் காலடிக்கே போய் நிற்பார். கால் இறங்கும், விலகுவார். திரும்பவும் போய் நிற்பார். சில சமயம் மிதிபட்டுச் சாவார். ஒரு மாதம் இதே கூத்து. திட்டம் பலித்துவிட்டதென்று எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஜாய்ஸ்டிக்கை நான் கையில் எடுத்தேன். ஆள் தரையில் நின்றுகொண்டிருந்தான். அவனை அண்ணாந்து பார்க்க வைத்தேன். பாதம், முழங்கால், இடுப்பு, அதற்கும் மேலே மேகம். தலை தெரியவே இல்லை. அந்தக் கால் எழும்புவதற்கு முன்னால் தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. எனக்கு ஓடத் தோன்றவில்லை. இத்தனை பெரியது நகர்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன், மிதிபட்டேன். கல்யாணமான நாளிலிருந்து தேரை நான் வடம் இழுக்கும் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன். அடியில் குனிந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதிலிருந்தா அவரைப் பிரிக்கப் பார்த்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். “ஏங்க, இந்த வருசமும் கட்டை போடப் போங்க. நான் மறிக்க மாட்டேன்.”

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே டிவியைப் பார்த்தார்.

“இல்லட்டி. பொழுது போகாமலா இதை ஆடுனேன்? தரை குலுங்குனதும் கை நகருதான்னு பாத்தேன். பத்துக்கு நாலு தடவ பிந்துது. அங்க ஒரு தடவ பிந்துனாலே போச்சு. வயசு அம்பதாகுதுல்லா. போன வாரமே வேற ஆளப் போட்டுக்கிடச் சொல்லிட்டேன்.”

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

தேரன்று ரத வீதித் திருப்பத்தில் கூட்டத்தோடு நின்றோம். தேர் நெருங்க நெருங்க என் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. இந்தத் தடவை நான் சாமியைக்கூடப் பார்க்கவில்லை, அவரைப் போலச் சக்கரத்தையே பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் உருண்டு வருகிற அதன் முன்னால் புது ஆள் குனிந்தான். கட்டையைச் செருகினான், கையை எடுத்தான். தேர் முனகிக்கொண்டு திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் என் பக்கத்திலிருந்து, “இப்ப!” என்று அவர் குரல் வந்தது.