வருத்தத்துக்கு மதிப்பெண்

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறவனை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் ரோசிலேனிக்கு அந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை. அதில் இறங்கி நடந்தால்தானே? பிரேசிலில் எங்கள் மோண்டிஸ் கிளாரோஸில் பிறந்து, மோண்டிஸ் கிளாரோஸிலேயே குடியிருந்து, சம்பளத்தை மட்டும் சாவோ பாலோவிலிருந்து வாங்குகிறவள் அவள். வீட்டின் பின்னறைதான் ஆபீஸ். ஜன்னலை அடைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், தெருவில் முட்டை வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்துவதுகூட அவளுக்குக் கேட்காது. மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற பெண் கதவைத் தட்டிப் பார்த்துக் கை ஓய்ந்து, டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். சோறும் பீன்ஸும் வறுத்த இறைச்சியும் அங்கேயே ஆறிக் கிடக்கும்.

அவள் பார்த்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் பக்கத்தில் சாவுக்கு முன்கூட்டியே மாதச் சந்தா கட்டிவைப்பது வழக்கம். வீட்டில் ஒருவர் கண்ணை மூடியதும் ஒரு நம்பருக்குப் போன் போட்டால் போதும். சவப்பெட்டி, பூ, வண்டி, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பி, பிஸ்கோத்து உட்பட எல்லாம் வந்து இறங்கும். பெரும்பாலும் மறுநாளே அடக்கம் முடிந்துவிடுகிற ஊரில் வேறு எப்படிச் சமாளிப்பது? அப்படி ஒரு நிறுவனத்துக்கு வருகிற போன்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, போனை எடுத்த ஊழியர் ஒழுங்காக வருத்தப்பட்டாரா என்று மதிப்பெண் போடுவதுதான் ரோசிலேனியின் வேலை. வருத்தம் தெரிவித்தாரா? பேசுகிறவரைப் பெயர் சொல்லி அழைத்தாரா? அழுகையின் நடுவே குறுக்கிட்டாரா? முடிக்கும்போது வேறு உதவி வேண்டுமா என்று கேட்டாரா? ஊழியர்கள் சொல்வதற்கென்று நிறுவனமே ஒப்புதல் கொடுத்து வைத்த வாக்கியங்கள் உண்டு. ரோசிலேனிக்கு அத்தனையும் தலைகீழ்ப் பாடம்.

இதற்கு முன்னால் பெரிய கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தவள் அவள். அப்போது அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் இரண்டு பேரையும் சிரிக்கவைத்து, ஆளுக்கொரு ஜோடி விற்றுத்தான் அனுப்புவாள். கடையை மூடினார்கள். புருஷன் வேலை தேடி கோயானியாவுக்குப் போனவன் அங்கேயே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அதன் பிறகுதான் இந்த வேலை. முதல் சில மாதங்கள் ஒவ்வொரு போனுக்கும் அவளும் சேர்ந்து அழுதாள். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மதிப்பெண் போட்டாள். பிறகு அழுகை நின்றது. ஒருநாள் மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் போனில் கதறிக்கொண்டிருந்தபோது இவள் சோற்றை மென்றுகொண்டே, ஊழியர் அவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் விட்டதைக் குறித்துக்கொண்டாள். அன்றைக்கே அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கென்று மிச்சம் இருந்தது அம்மாவும் அக்காவும்தான். அம்மா எஃபிஜெனியா, பெரியவள் இவனில்டாவின் வீட்டில் இருந்தாள். நாலு தெரு தள்ளித்தான் அந்த வீடு. நாலு தெருவைக் கடக்க லேனிக்கு (ரோசிலேனி எல்லாருக்கும் லேனிதான்) ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. சில ஞாயிறுகளில் அதுவும் முடியவில்லை.

அம்மா போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். லேனி ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஹெட்போனைக் கழற்றாமலே எடுத்தாள். அதுவரை முன்பின் தெரியாத யாரோ அழுதுகொண்டிருந்த அதே காதில் இப்போது அக்காவின் அழுகை கேட்டது.

"லேனி, அம்மா போயிட்டாங்கடி. காப்பி கேட்டாங்க, போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாங்கடி..."

லேனி குறுக்கிடவில்லை. அக்கா மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, மெதுவான, கனிவான, பழுதில்லாத குரலில் சொன்னாள்:

"உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம், இவனில்டா. இந்த வேளையில் நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

பிறந்ததிலிருந்து அக்காவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொன்னது என்னவென்று அவளுக்கே அரை நொடி கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் பதறிப்போய் எதையாவது சொல்லிச் சரிக்கட்டப் பார்த்தாள். வாயில் வந்ததோ அடுத்த வாக்கியம்: "வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

இவனில்டா போனை வைத்துவிட்டாள்.

லேனி உடனே அக்கா வீட்டுக்கு ஓடினாள், அதையும் சொல்லியாக வேண்டும். துக்க வீட்டில் அவள் காட்டிய சுறுசுறுப்பை எல்லாரும் மெச்சினார்கள். வாடிய பூவைத் திருப்பி அனுப்பினாள், காப்பி தீருவதற்குள் அடுத்த பிளாஸ்க்கை வரவழைத்தாள், டாக்டர் சான்றிதழில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி வாங்கினாள். அக்கா பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாள். யாராவது உட்காரப் போனால், "தங்கச்சி வருவா" என்றாள். தங்கச்சி வரவில்லை. வாசலில் நின்று மலர்வளையங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் இவனில்டா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றி. உங்க கம்பெனி சேவை பிரமாதம்."

"அக்கா, வாய் தவறி வந்துடுச்சுக்கா. நான் வேணும்னு..."

"ஒருதரம் தவறலாம். ரெண்டாவது தரமுமா? 'வேறு உதவி வேண்டுமா'ன்னு கேக்குறியே, உங்கம்மாடி அது. நான் யாருக்கோ போன் பண்ணலை. வேற ஒரு நம்பரும் தோணாம உனக்குப் பண்ணேன்."

லேனி கையிலிருந்த ரசீதை நாலாக மடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஏழாம் நாள் பூசை. வர்றதா இருந்தா என் தங்கச்சியா வா. அந்தக் குரலைத் தூக்கிக்கிட்டு வராத. அது முடியாதுன்னா வரவே வேணாம். நான் ஒருத்தியே நின்னுக்கறேன். அப்புறமும் ஒருத்தியாவே இருந்துக்கறேன்."

இவனில்டா வெறும் வாய்ச்சவடால் விடுகிறவள் இல்லை. ஒரு கல்யாண வீட்டுச் சண்டைக்காகச் சொந்தச் சித்தப்பாவிடம் சாகும்வரை முகம் கொடுக்காதவள். செவ்வாய்க்கிழமை தவறினால் அக்காவும் போய்விட்டாள் என்று அர்த்தம். லேனிக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

துக்க விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை மறுபடி பின்னறையில் போய் உட்கார்ந்தாள். காலைக் கூட்டத்தில் எல்லார் முகமும் திரையில் கட்டம் கட்டமாக வந்தது. அவளுடைய மேலாளர் தாலிஸ் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றான். மற்றவர்களும் அதே வாக்கியத்தை வரிசையாகத் தட்டி அனுப்பினார்கள். தாலிஸ் பெயர் சொல்லி அழைக்கவில்லை, ஒரு மதிப்பெண் குறையும் என்று லேனியின் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"தாலிஸ், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு லீவு வேணும். அம்மாவுக்குப் பூசை."

"தாராளமா போங்க லேனி. ஒண்ணே ஒண்ணு, அன்னிக்கு ஆள் கம்மி. பதிவுகளைப் போன்லயே கேக்கலாமே? பூசை நடக்கும்போது ஒரு காதுல மட்டும்..."

"முடியாது" என்றாள் லேனி. அதிலும் கோபம் இல்லை. வெறும் தகவல்.

அக்காவிடம் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். சொந்தமாக ஒரே ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு முழுக்க அதைத்தான் தேடினாள். 'உன் வலி எனக்குப் புரிகிறது' என்று தொடங்கிப் பார்த்தாள். ஒப்புதல் பெற்ற வாக்கியம். 'நீ தனியாக இல்லை.' அதுவும் அங்கே இருக்கிறது. 'என்னை மன்னித்துவிடு' என்பதாவது நம்முடையதாக இருக்கும் என்று நினைத்தாள். புகார்கள் என்ற தலைப்பின் கீழ் அதுவும் இருந்தது. பாவிகள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை! அம்மாவின் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு அழப் பார்த்தாள். அம்மா அடுப்பு முன்னால் நின்று, பெக்கி பழம் போட்ட சோற்றுச் சட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற போட்டோ. பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் பசிதான் எடுத்தது.

செவ்வாய்க்கிழமை வார்த்தை இல்லாமலே போனாள். மாதா கோவில் நிறைந்திருந்தது. சுவரில் மின்விசிறிகள் அனல்காற்றைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தன. சாமியார் அந்த வாரம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, எஃபிஜெனியா என்ற பெயருக்கு முன்வரிசையில் இவனில்டாவின் தோள் குலுங்கியது. லேனி பின்வரிசையில் ஒரு தூணோரமாக இருந்தாள். போய் உட்காரத் துணிச்சல் வரவில்லை.

பூசை முடிந்ததும் வழக்கப்படி வீட்டார் கோவில் வாசலில் நின்றார்கள். வீட்டார் என்றால் இவனில்டா ஒருத்திதான். ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். லேனி தூணுக்குப் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆழ்ந்த வருத்தம்மா." "காலம்தான் ஆத்தும்." "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்காங்க." "எதுனாலும் ஒரு போன் பண்ணு." திரும்பத் திரும்ப அதே நாலு வாக்கியங்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார், மோட்டார்பைக் டாக்ஸி ஓட்டுகிற பையன் சொன்னான், அம்மாவோடு ஜென்மத்துக்கும் சண்டை போட்ட எதிர்வீட்டுக்காரியும் சொன்னாள். அக்கா ஒவ்வொருவர் தோளிலும் சாய்ந்து, கண்ணைத் துடைத்து, நன்றி என்றாள்.

லேனிக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த கோபம். பொடிக்கோபம்தான், ஆனால் கால்களைக் கிளப்பிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போனாள்.

"இவங்க எல்லாரும் அதையேதான சொல்றாங்க? அதே வார்த்தை! அவங்க சொன்னா கட்டிப்பிடிச்சுக்கற. நான் சொன்னா மட்டும் குத்தமா?"

இவனில்டா நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அவங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்கடி. எனக்கு இனிமே இருக்கறது நீ ஒருத்திதான். நீயும் சொல்லிட்டுப் போயிட்டா நான் எங்க போறது?"

லேனி வாயைத் திறந்தாள். ஒப்புதல் பெற்ற வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தோணலைக்கா" என்றாள். "அம்மா செத்துட்டாங்க, எனக்கு அழுகை வரலை. போட்டோவைப் பாத்தேன், பசிக்குதுன்னு எழுந்து போய்ச் சாப்பிட்டேன். எனக்குள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்கு. இதைச் சொன்னா நீ அடிப்பேன்னுதான் அங்க நின்னேன்."

பின்னால் வரிசை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். இவனில்டா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை இல்லை என்பது உண்மை. நடிப்பும் இல்லை.

"அடிக்கத்தான் தோணுது" என்றாள். "சரி. தோணலைன்னா தோணாமலே நில்லு. ஆனா இங்க நில்லு."

முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்து, தன் இடதுபக்கத்தில் அவளை நிறுத்தினாள். பிடியைத் தளர்த்தவில்லை. நகம் பதிந்தது. வலிக்கிறது என்று லேனிக்குத் தெரிந்தது. கையை எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்து வந்தவள் டோனா கிளெமென்சியா. அம்மாவோடு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த கிழவி, கண் கொஞ்சம் மங்கல். இவனில்டாவைக் கட்டிப்பிடித்து முடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவளை உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு? சின்னவளா? அட, அடையாளமே தெரியலையே! சாவோ பாலோ கம்பெனியில வேலைன்னு உங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. ரொம்ப தூரமாச்சே! எப்ப வந்த கண்ணு?"

நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன் என்று லேனி எப்படிச் சொல்வாள்?

"இப்பதான் வந்தா" என்றாள் இவனில்டா.