கடல் உறையாத வருஷம்

மஜீதுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆலையின் வாசலில் காவலாளியாக நின்ற வருஷங்களில், கேட்டவர்களிடமெல்லாம் "கப்பல்ல கம்பிக் கயிறுல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவந்தான். மனைவி ஜீனத்திடமும் அதையேதான் சொல்லியிருந்தான். அது பொய் என்று அவளுக்கு ஒன்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவன் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தார். மகனும் பதினாறு வயதில் அதே கூடையைத் தலையில் ஏற்றினான். யுத்த காலத்தில் கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. கப்பலாட்களைச் சேர்த்து, அவர்களுக்குத் தலைவராகக் கப்பலிலும் கூடப் போகும் சாரங்கு அலி அக்பர், அவனை ஒரு சரக்குக் கப்பலில் உலைக்குக் கரி தள்ளும் வேலைக்குச் சேர்த்தார். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தவன், நாற்பத்தாறாம் வருஷம் மறுபடி புறப்பட்டான். அந்த முறை அம்புரோஸையும் கூட்டிக்கொண்டு போனான்.

அம்புரோஸ், மஜீது குடியிருந்த சந்தின் கடைசி வீடு. தகப்பன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர். தாய் சிலுவையம்மாள் மீன் விற்று அவனையும் தங்கை ஆலிஸையும் வளர்த்தாள். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததால் அம்புரோஸுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். மகனைக் கடலுக்கு அனுப்ப சிலுவையம்மாளுக்கு மனமில்லை. மஜீதுதான் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தான்.

"அது கட்டுமரம் இல்லமா. இரும்புக் கப்பல். நான் கூட கீறேன் இல்ல."

"நீ கீறதாலதான் அனுப்பறேன்" என்றாள் அவள்.

கப்பலில் அம்புரோஸுக்கு அதிகாரிகளின் சாப்பாட்டறையில் எடுபிடி வேலை. மஜீதுக்குக் கீழே, பாய்லர் அறையில். இங்கிலாந்தில் சரக்கை இறக்கிய பிறகு கப்பல் ருஷ்யாவின் வட கோடிக்குப் போனது, மரம் ஏற்ற. அந்தத் துறைமுகத்தின் பெயர் ஆர்க்கேஞ்சல், இங்கிலீஷில் தலைமைத் தேவதூதன் என்று அர்த்தம். பெயரைக் கேட்டதும் அம்புரோஸுக்கு ஒரே சந்தோஷம். "சம்மனசு பேரு வெச்ச ஊரு மாமு" என்றான்.

செப்டம்பரில் முதல் நடை நல்லபடி முடிந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பியதும் சாரங்கு ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ஊருக்குப் போகும் கப்பல் ஒன்றில் இடம் இருக்கிறது, போக நினைப்பவர்கள் போகலாம். இந்தக் கப்பலோ இன்னொரு நடை வடக்கே போகப் பார்க்கிறது. வழக்கமாக நவம்பர் வாக்கில் அங்கே கடல் உறைந்து வழி அடைத்துவிடும். இந்த வருஷம் இன்னும் உறையவில்லை என்று தகவல் வந்திருக்கிறது.

அம்புரோஸ் ஊருக்குப் போகலாம் என்றான். மஜீது யோசித்தான். கடல் திறந்திருக்கும்போது ஒரு நடைதானே என்று தோன்றியது. "பொங்கலுக்குப் போய்க்கலாம் நைனா" என்றான். அம்புரோஸ் அவன் சொன்னதைத் தட்டுகிறவன் இல்லை.

நவம்பர் ஆரம்பத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. காடு, கூரை, அடுக்கி வைத்த மரம், எல்லாவற்றின் மேலும் பனி முழங்கால் உயரம். ஆனால் கடல் கருப்பாக அலையடித்துக்கொண்டு இருந்தது. தண்ணீரின் மேல் ஆவி எழும்பியது, அடுப்பிலிருந்து இறக்கிய பானையில் வருவது போல.

மரம் ஏற்றி முடித்துத் திரும்பும்போது, ஆற்று முகத்தைக் கடக்கும் வரை வழிகாட்ட உள்ளூர் மாலுமி ஒருவர் ஏறினார். வயதானவர். இங்கிலீஷ் பேசுவார். கேப்டனுக்கும் அவருக்கும் டீ கொண்டுபோன அம்புரோஸ், சற்று நேரத்தில் பாய்லர் அறைக்கு இறங்கி வந்தான்.

"மாமு, மேல அந்தக் கெய்வன் ஒண்ணு சொல்லிக்கினு கீறான். இந்நேரம் இந்தக் கடல் மேல ஆளு நடக்கணுமாம். இன்னும் தண்ணியாவே கீதுன்றான்."

"நல்லதுதானே" என்றான் மஜீது, மண்வெட்டியை நிறுத்தாமல்.

"நல்லது இல்லியாம். ஐஸு வந்தா அது கடலுக்கு மூடி மாதிரியாம். மூடி போட்டா சூடு உள்ளயே கீது. இந்த வாட்டி மூடி இல்ல. சூடும் ஆவியும் மேல போய்க்கினே கீது. அந்த ஆவிதான் கரையில பனியாக் கொட்டுது. தரை வெள்ளையாயிட்டா வெயிலு அதுல நிக்காதாம், வந்த வழியே திரும்பிடுமாம். அப்புறம் அந்தத் தரை மேல குளிரு சேந்துகினே போவும். கடைசியில வடக்கே ஒரு எடத்துல குந்திகினு இருக்கவேண்டிய குளிரு, கட்டவுத்துகினு தெக்கால கெளம்பிடும்ன்றான். ஜனவரியில உங்க ஊரைப் பாத்துக்கோங்கன்னு கேப்டன்கிட்ட சொன்னான்."

"கேப்டன் இன்னா சொன்னாரு?"

"டீ நல்லா கீதுன்னாரு."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சை மஜீது அப்போதே மறந்துவிட்டான்.

கப்பல் இங்கிலாந்துக்கு வந்து மரத்தை இறக்கியது. கிறிஸ்துமஸ் போனது. அங்கே அதுவரை குளிர் பெரிதாக இல்லை. அடுத்த பயணத்துக்குக் கரி நிரப்ப, வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்துக்குப் போய் முறைக்குக் காத்து நின்றார்கள்.

ஜனவரி கடைசியில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடித்தது. அதன்பின் திசை மாறவேயில்லை. தினம் பனி கொட்டியது. தண்டவாளங்கள் புதைந்தன. சுரங்கத்து வாசலில் நிலக்கரி மலையாகக் குவிந்து கிடந்தும் துறைமுகத்துக்கு ஒரு வண்டி வரவில்லை. ஊரில் வீடுகளுக்கே கரி இல்லை. வாய்க்காலும் ஆற்றோரமும் உறைந்தன. கப்பலின் கரிக்கிடங்கைத் துடைப்பத்தால் பெருக்கித் தூளையும் எரித்த பிறகு, பாய்லர் அணைந்தது.

சென்னை ஆட்கள் படுத்திருந்த இடம் கப்பலின் மூக்குப் பகுதி. இரும்புச் சுவரின் உட்பக்கம் அவர்களுடைய மூச்சே படிந்து உறைந்தது. காலையில் அதைக் கத்தியால் சுரண்டினார்கள். இரண்டு பேராக ஒரு கம்பளிக்குள் படுத்தார்கள். மஜீதும் அம்புரோஸும் ஒன்றாகப் படுத்தார்கள். அம்புரோஸின் உடம்பு கொதிப்பதை முதலில் உணர்ந்தவன் மஜீதுதான். முதுகு இதமாக இருந்ததால் கொஞ்ச நேரம் அவன் நன்றாகத் தூங்கினான். அப்புறம்தான் புரிந்தது.

இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வர வழியில்லை. ஒரு கதவுப் பலகையில் கயிறு கட்டி, அதில் அவனைப் படுக்கவைத்து நாலு பேர் பனிமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலும் குளிர்தான். நர்சுகள் மேல்கோட்டோடு நடமாடினார்கள். ஒரு மத்தியானம் மஜீது பார்க்கப் போனபோது அம்புரோஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் காத்து எங்கேர்ந்து வருது தெரியுமா மாமு?"

"பேசாத. மூச்சு வாங்குது உனக்கு."

"அந்தக் கெய்வன் சொன்னான் இல்ல. நமக்குப் பின்னாடியே வந்துருக்குது."

அதற்கு இரண்டு நாள் கழித்து அவன் இறந்தான். வயது இருபத்திரண்டு.

அடக்கம் உடனே நடக்கவில்லை. மண் பாறையாகிவிட்டது, குழி வெட்ட முடியவில்லை, பனி இளகும் வரை உடல்கள் கொட்டகையில்தான் இருக்கும் என்று கோவில் பாதிரியார் சொன்னார். அங்கே ஏற்கனவே வரிசையாகப் பெட்டிகள் இருந்தன. கரி வந்த மறுநாளே கப்பல் கிளம்பிவிடும் என்று மஜீதுக்குத் தெரியும். அம்புரோஸைக் கொட்டகையில் விட்டுப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழியைத் தானே வெட்டுவதாக, கையால் வெட்டிக் காட்டிக் காட்டியே பாதிரியாருக்குப் புரியவைத்தான். அவர் ஒரு கடப்பாரையும் குந்தாலியும் கொடுத்தார்.

முதல் பகல் முழுக்கக் கடப்பாரை பொறி பறக்கவிட்டது. மண் சில்லுசில்லாகத்தான் வந்தது. கையுறை கிழிந்து, இரும்பு தோலோடு ஒட்டியது. மறுநாள் சாரங்கும் வந்து கைமாற்றினார். இடுப்பளவு போனதும் மஜீதுக்குக் கையைத் தூக்க வரவில்லை. போதும் என்று பாதிரியார் தலையசைத்தார். லத்தீனில் ஜெபம் நடந்தபோது அவன் ஒதுங்கி நின்று, தனக்குத் தெரிந்த துஆவை ஓதினான். இடது கையின் இரண்டு விரல்கள் கறுத்திருந்ததைக் கப்பலுக்கு வந்த பிறகுதான் பார்த்தான். அதே ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்தார்கள்.

ஆகஸ்டில் அவன் ராயபுரத்தில் இறங்கினான். சுதந்திரத்துக்குத் தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாவுச் செய்தி ஊர்க் கோவில் பாதிரியார் மூலம் முன்பே வந்துவிட்டது. மஜீது நேராக சிலுவையம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ வந்துட்ட" என்றாள்.

எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தான். கடல் அந்த வருஷம் உறையாததை, மூடியை, பனியை, கிழக்குக் காற்றை, எல்லாவற்றையும் சொன்னான். "ஐஸு எப்பவும் போல வந்துருந்தா நாங்க ரெண்டாவது நடை போயிருக்கவே மாட்டோம்மா. அந்தக் குளிரும் வந்துருக்காது."

அவள் கழுவுவதை நிறுத்தினாள்.

"எங்கியோ ஐஸு லேட்டா வந்ததுக்கு எம்புள்ள ஏன்டா சாவணும்?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஊருக்கு வரேன்னு அவன் சொல்லலியா?"

"சொன்னான். நான்தான் இன்னொரு நடைன்னேன்."

"இனிமே இந்த வாசலுக்கு வராத" என்றாள் சிலுவையம்மாள். குழியைப் பற்றி அவன் பேச்செடுக்கவே முடியவில்லை. அதன்பின் யாரிடமும் அவன் அதைப் பேசவில்லை. சொன்னால், அதைக் காட்டி மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று அவனுக்குப் பட்டது.

விரல் போனவனுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. கொஞ்ச காலம் அலைந்து, ஆலைக் காவல் வேலைக்குச் சேர்ந்தான். சந்தில் எதிரே சிலுவையம்மாள் வந்தால் ஒதுங்கி நிற்பான். அவள் பார்க்காமல் போவாள். ஜீனத்துக்கும் அவள் மீன் விற்க மாட்டாள். ஆலிஸ் கல்யாணத்துக்கு அந்தச் சந்தில் இந்த ஒரு வீட்டை மட்டும் அழைக்கவில்லை.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் ஒரு காலை. வேலைக்கு வந்தவர்கள் டீக்கடையில் நின்றார்கள். வியாசர்பாடியிலிருந்து வரும் ஜெயவேல் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பது வழக்கம். ஐரோப்பா முழுக்கக் கொடுங்குளிர், ஆறுகள் உறைந்தன, சாவு நூற்றுக்கணக்கில் என்று வாசித்தான்.

"அங்க வடக்கே கடல் எப்ப உறைஞ்சிதுன்னு போட்டுக்கீறானா?" என்று மஜீது கேட்டான்.

"எந்தக் கடல்?"

"ருஷ்யாவுக்கு மேல. போன ஐப்பசியில. அங்க பனி முன்னாடியே வுழுந்துதான்னு பாரு."

ஜெயவேல் புரட்டிப் பார்த்தான். "அதெல்லாம் எவன் போடுவான். செத்தவன் கணக்குத்தான் கீது."

மஜீது டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தான். அந்தக் கிழவர் சொன்னது சரிதானா, இல்லை ஒவ்வொரு வருஷமும் அப்படி ஏதாவது சொல்லிவைப்பவரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தால் என்ன மாறும் என்பதும் தெரியவில்லை. அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜீனத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். குழியையும் விரலையும் சொன்னான்.

"பனின்னா நம்ம மார்கழிப் பனி மாதிரின்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் அவள். அடுப்பை அணைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு இது தெரியணும்" என்றாள்.

"வேணாம்."

அவள் கேட்கவில்லை. மறுநாள், மீன் கிடைக்காது என்று தெரிந்தும் வாங்குவதுபோல் போய், கூடைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தாள். சிலுவையம்மாள் கேட்டுக்கொண்டே மீனை நறுக்கினாளாம். மாதங்கள் போயின. ஆடி கடைசியில் ஆலிஸ் வந்து வாசலில் நின்றாள். "அண்ணே, அம்மா கூப்புடுது."

சிலுவையம்மாளுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்து, விரல் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆழமாத் தோண்டினியா?"

"இடுப்பளவுதாம்மா. அதுக்கு மேல மண்ணு வுடல."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "போதும்" என்றாள். பிறகு, "உம்மேல இருக்கற கோவம் போவல. போவாது" என்றாள்.

"சரிம்மா."

"மழைக்கு முன்ன கூரை மாத்தணும். ஆலிஸு புருஷன் ஒருத்தனால ஆவாது."

"இந்தக் கையால கட்டுப் போட வராது. ஓலை எடுத்துக் குடுக்கறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனான். ஆலிஸின் கணவன் மேலே உட்கார்ந்து கட்ட, மஜீது கீழேயிருந்து ஓலையைத் தூக்கிக் கொடுத்தான். சிலுவையம்மாள் வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் ஒழுகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் மழை பலமாகப் பெய்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று ஆலிஸ் வந்து சொன்னாள். கார்த்திகை பிறந்த வாரத்தில் சிலுவையம்மாள் இறந்தாள்.