ராசம்மா பெரியம்மா வீட்டு ஜீப் கண்ணாடி

தகரத்தில் விழும் மழைக்கு ஒரு சத்தம், அலுமினியத்தில் விழும் மழைக்கு வேறு சத்தம். தகரம் சடசடக்கும், அலுமினியம் அமுங்கிய குரலில் 'தும் தும்' என்று சொல்லும். கலஹாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்ட டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகள் எல்லாம் தகரம். பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் கூரை மட்டும் அலுமினியம். அது ஒரு லேண்ட்ரோவர் ஜீப்பின் இயந்திரத்தை மூடும் 'பொனட்' என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பழைய தோட்டத் துரை ஒருவர் ஓட்டித் திரிந்த அந்த ஜீப், இயந்திரம் படுத்துப்போன பிறகு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் பல வருஷம் நின்றது. நான் பிறப்பதற்கு முன்பே லயத்து ஆட்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கதவு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் பெண்கள் குளிக்கும் இடத்துக்கு மறைப்பாக நின்றது. ஆசனம் ஒன்று முடிவெட்டும் கடையில் இருந்தது. பின்பக்க அடைப்புப் பலகையில் ஒருவர் பாக்கு காய வைத்தார். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. மழையில் நனையும் பொருளை எடுத்து உள்ளே வைத்ததுபோலத்தான் பேசிக்கொள்வார்கள்.

தோட்டம் கம்பெனிக்குக் கைமாறியபோது தொழிற்சாலைப் பின்புறத்தைத் துப்புரவாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. என் அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். எஞ்சியிருந்த சட்டகத்தையும் சக்கரங்களையும் நீயே இழுத்துக்கொண்டு போ என்று ஆபிசில் சொல்லிவிட்டார்கள். அப்பா அதை லொறியில் கட்டி இழுத்துவந்து எங்கள் 'இஸ்தோப்பு'க்கு முன்னால் நிறுத்தினார். முன் திண்ணைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்; இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் விடுதியில் இடமில்லை. கலஹாவிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போகலாம். அதற்கு விடியும் முன்பே கல்ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். காட்டுப்பன்றி திரியும் பாதையில் இருட்டில் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். தை மாதம் பாடசாலை திறப்பதற்குள் ஜீப் ஓடினால் அப்பா என்னை பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றிவிடுவார், நான் கண்டிக்குப் போவேன். ஓடாவிட்டால் அடுத்த டிவிஷன் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சக் காலம் உட்கார்ந்துவிட்டு, பிறகு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்வேன். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பேராதனையில் ஒரு கராஜில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவார். விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் வேனின் டீசல் இயந்திரத்தை அவர்தான் பிடித்துக்கொடுத்தார். ஜீப்பின் சொந்த இயந்திரத்தைவிட அது வடிவத்தில் வேறு என்பதால், அதைத் தாங்கும் இரும்புக் கைகளை வெட்டி இடம் மாற்றி ஒட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அரிசி கழுவும் பேசினில் நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. அம்மா மூன்று நாள் பேசவில்லை, பிறகு வேறு பேசின் வாங்கிக்கொண்டார்.

அப்பா வீடு வீடாகப் போய்ப் பாகங்களைக் கேட்டார். கோழிக்கூட்டுக்குப் பதில் தகரம் அடித்துக் கொடுத்து பொனட்டை வாங்கினார். முடிவெட்டுகிறவர் ஆசனத்தைத் தந்துவிட்டு, அதில் ஒட்டிய தலைமயிரை மட்டும் தட்டிக்கொள்ளும்படி சொன்னார். பீலிக்கரைக் கதவைக் கழற்றப் போனபோது பெண்கள் வாளியோடு வழிமறித்து, முதலில் மறைப்புக் கட்டு, பிறகு கைவை என்றார்கள். கட்டிய பிறகுதான் விட்டார்கள்.

அந்தக் கதவில் ஒரு வெடிப்பு இருந்தது. மாமா தன் வழக்கப்படி வெல்டிங் பிடித்தார். இரும்பு ஒட்டிப் பழகிய கை. ஜீப்பின் மேலுடம்பு முழுக்க அலுமினியம் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார். வெடிப்பு இருந்த இடம் உருகி முஷ்டி அளவு ஓட்டை விழுந்தது. வாசலில் நின்ற அம்மா, "இதுக்குத்தான் பேராதனையில சம்பளம் குடுக்குறாங்களாடா?" என்று கேட்டார். கடைசியில் அம்மாவின் ஓட்டை அலுமினியச் சோற்றுச்சட்டியை வெட்டித் தட்டி, ஓட்டையின் மேல் வைத்து 'ரிவெட்' அடித்தார்கள். பின்னால் தேயிலைப் பெட்டிப் பலகையில் உட்கார எதிரெதிராக இரண்டு நீள வாங்குகள். கதவுகளின் மேற்பாதி கிடைக்கவில்லை; அங்கே படங்குத் துணி. தொழிற்சாலைக் கூரைக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு மையைப் பூசினார்கள்.

மார்கழியில் ஜீப் உறுமியது. முன் கண்ணாடி மட்டும் இல்லை. பழைய லேண்ட்ரோவரில் முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடிகள், நடுவில் ஒரு கம்பி. தட்டைக் கண்ணாடிதானே என்று மாமா கண்டியில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையிலிருந்து இரண்டு துண்டு கொண்டுவந்து மாட்டினார். முதல் ஓட்டத்தில், தொழிற்சாலை வளைவுக்கு வரும் முன்பே, கல்லில் ஏறி இறங்கிய குலுக்கலில் இரண்டும் உடைந்து மாமாவின் மடியில் கொட்டின. கையில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "என் புள்ள இதுல ஏற மாட்டா." குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜீப்பின் சொந்தக் கண்ணாடிகள் எங்கே இருந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும். எதிர் லயத்தில் ராசம்மா பெரியம்மா தன் 'காம்பரா'வின், அதாவது லயத்து அறையின், ஜன்னல் மரக்கதவைக் கழற்றிவிட்டு அவற்றைச் சிமெந்தில் பதித்திருந்தார். உடைந்தாலும் சிதறாத கண்ணாடி அது. ஆனால் அப்பா அந்த வாசலுக்குப் போகமாட்டார். ஒரு வேலைநிறுத்தத்தின்போது அப்பா தொழிற்சங்கம் மாறினார். ராசம்மா பெரியம்மாவும் அவர் கணவரும் மாறவில்லை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வாசலும் வாசலும் பார்த்துக்கொண்டிருந்தன, ஆட்கள் பார்த்துக்கொள்வதில்லை.

அப்பா அம்மாவைப் போகச் சொன்னார். சங்கம் மாறியது நானா என்று அம்மா கேட்டார். ஒரு ஞாயிறு காலை அப்பா சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். நான் பின்னாலேயே போனேன், யாரும் தடுக்கவில்லை.

பெரியம்மா முறத்தில் அரிசியை வைத்து ஜன்னலடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டிரைவரய்யாவுக்கு வழி தவறிப் போச்சா?"

"அக்கா, புள்ளைக்கு ஸ்கூல் தொறக்குது," என்றார் அப்பா.

"தொறக்கட்டும். சங்கம் மாறுனப்ப இந்த அக்கா ஞாபகம் வரல."

பெரியம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். இந்த இரண்டு லயத்திலும் பகலில் விளக்கில்லாமல் கல் பொறுக்கக்கூடிய வீடு தன் வீடு ஒன்றுதான் என்றும், அதையும் பிடுங்க வந்துவிட்டாயே என்றும் கேட்டார். அது நியாயம். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பேன் பார்த்ததையும், ஊசியில் நூல் கோத்ததையும் நானே பார்த்திருக்கிறேன். அப்பா திரும்புவதற்குக் காலை எடுத்துவிட்டார். நான் நகரவில்லை. அடம் பிடித்தேன் என்றில்லை, கால் வரவில்லை.

அப்போதுதான் பெரியம்மா என்னைப் பார்த்தார். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். எல்லாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாதென்று அரிசியைப் புடைத்தார்.

"ரெண்டு கண்ணாடி இருக்கு. ஒண்ண எடுத்துக்க, ஒண்ணு எனக்கு. ஓட்டுறவனுக்குத்தானே ரோடு தெரியணும், பக்கத்துல குந்துறவளுக்கு என்னாத்துக்கு? மாசா மாசம் என்னைய கிளினிக்குக்கு எறக்கிவிடணும். வண்டிக்குள்ள சங்கக் கதை பேசக் கூடாது."

அப்படித்தான் நான் கண்டிக்குப் படிக்கப் போனேன். அப்பாவுக்கு முன்னால் கண்ணாடி. எனக்கு முன்னால் தேயிலைப் பெட்டிப் பலகை. அதில் தோட்டத்தின் பெயரும் எடையும் கறுப்பு மையில் அச்சாகியிருந்தன. எனக்குப் பின்னால் வாங்குகளில் இரண்டு சங்கத்து ஆட்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பல்வலியையும் மழையையும் பற்றி மட்டும் பேசினார்கள். நான் உயர்தரம் முடிக்கும்வரை ஜீப் ஓடியது. பிறகு பல்கலைக்கழகம். இப்போது கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் என் பெயர் எழுதிய மேசை இருக்கிறது.

ரோட்டுக்குத் தார் போட்டு 'ஆட்டோ' வந்ததும் ஜீப்புக்கு வேலையில்லாமல் போனது. கிளினிக்குக்கும் ஆட்டோ போதும். அடுத்த சங்கத் தேர்தலில் பழையபடி வார்த்தை தடித்து, அப்பாவும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். லயத்தில் சிலர் இதற்கு வருத்தப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

போன வருஷம், பழைய ஜீப்புகளை வாங்கிப் புதிதுபோல் ஆக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் கண்டி வியாபாரி ஒருவர் வந்து எங்கள் ஜீப்பை வாங்கினார். நல்ல மனிதர். வேன் இயந்திரத்தையும் வாங்குகளையும் சட்டித் துண்டையும் கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து பாகங்கள் எடுத்து, முதலில் இருந்தபடியே ஆக்கப்போவதாகச் சொன்னார். ஆக்கியும்விட்டார். அதில் எங்கள் லயத்துப் பொருள் இன்று ஒன்றும் இல்லை. ஜீப்பை ஏற்றிக்கொண்டு போன அன்று, எங்கள் இஸ்தோப்பில் நின்று அப்பாவிடம் கேட்டார்: "இந்தக் கண்ணாடியோட ஜோடி எங்கயாவது இருக்குமா? அதே காலத்துக் கண்ணாடின்னா என்ன கேட்டாலும் தருவேன்."

எதிரே, பாதி சிமெந்து பூசிய ஜன்னலில் அது வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழே பெரியம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும் தூரம்தான்.

"அது அப்பவே ஒடைஞ்சு போச்சுங்க," என்றார் அப்பா.

பெரியம்மாவின் முறம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி புடைக்கத் தொடங்கியது.