பண்ணையார் கைக்கு நான் பார்த்த வைத்தியம்

கைவேலை வைத்தியம் என்பது, நோயாளியை எழுப்பி உட்கார வைத்து வேலை வாங்கிவிட்டு, அவனே நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற தொழில். படித்து நொந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீமையில் சண்டை நடந்த சமயம், பாளையங்கோட்டையில் ஒரு துரை டாக்டர் எங்கள் ஆறு பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். கைக்குப் பழகின வேலையைக் கொடுத்தால் கை தானே வரும் என்பது அவர் பாடம். வருஷக் கடைசியில் ஆளுக்கு ஒரு கையையாவது அசைய வைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தறி

மேலப்பாளையம் காசிம், மணிக்கட்டு முறிந்து வந்த நெசவாளி. பாடப்படி வராந்தாவில் ஒரு தறியை மாட்டி, பெருமையாக அவரைக் கூட்டிப்போனேன். மனுஷன் தறியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். போகிறபோது சொன்னார்: "தறிதான் மருந்துன்னா, எனக்குச் சீக்கே வந்திருக்கக் கூடாதுல்லா தம்பி?"

ஓலை

எனக்கு மிச்சம் ஒரே கை. ஆழ்வார்குறிச்சிப் பண்ணையாருடைய வலது கை. வாதம் வந்து ஆறு மாதமாக மடியை விட்டு எழவில்லை. அது என்ன வேலை பழகியது என்று விசாரித்தேன். வெற்றிலையைக்கூட வேறு ஆள்தான் மடித்துக் கொடுப்பானாம். சரி, ஓலைப்பெட்டி முடையட்டும் என்று ஓலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் பண்ணையார் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அவருடைய வேலையாள் சுடலை தரையில் உட்கார்ந்து முடைகிறான். இப்படியே தினம் ஒரு பெட்டி. வைத்தியம் உங்கள் கைக்கல்லவா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலைன்னு சொன்னீரு, ஆள வச்சுச் செய்யுதேன். பெட்டில என்ன குறை கண்டீரு வே?"

நாற்காலி

பரீட்சை பார்க்க வந்த துரைக்குப் பெட்டிகள் ரொம்பப் பிடித்துவிட்டன. முடைந்தது யார் என்று கேட்டார். சுடலை பயந்துகொண்டே கையைத் தூக்கினான். தொலைந்தேன் என்று நினைத்தேன். பண்ணையார் முன்னால் வேலையாள் உட்காரக் கூடாது என்கிற விவரம் துரை அறியாதவர். பண்ணையாருக்கு எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டி, அதில் உட்கார்ந்து முடைந்து காட்டச் சொன்னார். சுடலை நுனியில் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். பண்ணையார் மடியில் கிடந்த வலது கை தோளுக்கு மேலே எழும்பி, ஐந்து விரலும் விரிந்து, சுடலையின் கன்னத்தில் இறங்கியது. துரை என் பேருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் சுடலை கன்னத்தைத் தடவிக்கொண்டே பைய என்னிடம் சொன்னான்: "இதுதான் மருந்துன்னு முன்னமே சொல்லியிருந்தா, மொத நாளே உக்காந்திருப்பேனே ஐயா."

பரீட்சைத் தாளில் எந்த வேலையால் கை வந்தது என்று கேட்டிருந்த இடத்தில் 'ஓலைப்பெட்டி முடைதல்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன், பண்ணையார் கைக்குப் பழகின வேலையை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.